சபை லாரியின் இடப்பக்கக் கண்ணாடி

சித்தூரில் எங்கள் சபைக்கு ஒரு லாரி உண்டு. அதற்கு இருபத்தெட்டு வயது. ஓட்டுகிற ஜெபதாசுக்கு ஐம்பத்தாறு. கன்வென்ஷனுக்கு நாற்காலி, விடுதிக்கு அரிசி, கல்யாணத்துக்குப் பந்தல் கம்பு, சாவு வீட்டுக்கு பெஞ்சு என்று எது போனாலும் அதில்தான் போகும், இருபத்திரண்டு வருடமாக ஜெபதாஸ்தான் கொண்டுபோவார். கமிட்டிக் கூட்டம் நடக்கும்போது அவர் வாசல் கதவோரம் நிற்பார். கேட்டால் பதில் சொல்வார். யாரும் கேட்பதில்லை.

கமிட்டிச் செயலாளர் கிளமென்ட் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒன்பது வருடமாக அந்தப் பதவியில் இருக்கிறார். போன சித்திரையில் ராமகுப்பம் சபையின் ஆண்டு விழாவுக்கு லாரியிலேயே போனார். அங்கே பொன்னாடை ஒன்றுதான் இருந்தது. அதை எங்கள் சபையிலிருந்தே வந்திருந்த பெண்கள் சங்கத் தலைவி எலிசபெத்துக்குப் போர்த்திவிட்டு, செயலாளருக்கு ஒரு துண்டைப் போட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தத் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். சித்தூர் வந்து சேர்ந்ததும் இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினார். கண்ணாடி கல்கண்டாக நொறுங்கி ஜெபதாஸின் மடி வரைக்கும் சிதறியது.

கிளமென்ட் அதைப் பார்த்தார். பிறகு, "வெயிலு ரொம்ப ஓவரு" என்றார். அப்போது மணி மாலை ஆறரை.

மறுவாரக் கூட்டத்தில் "கடும் வெப்பத்தின் காரணமாக இடப்பக்கக் கதவின் கண்ணாடி தானாகவே உடைந்தது" என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. புதுக் கண்ணாடி வாங்கும் வழிவகைகளை ஆராய ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைந்தது. தலைவர் கிளமென்ட். ஜெபதாஸ் எதையும் மறுக்கவில்லை. வீட்டில் மனைவி ஹன்னாவிடம் மட்டும், வெப்பம் ஒன்பது வருஷமாகத் தன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறது என்று சொன்னாராம்.

துணைக்குழு இரண்டு மாதம் கூடவில்லை. மழை வந்தது. அரிசி மூட்டைக்கு நனைகிற பயம் இல்லை, அதற்குத் தார்ப்பாய் இருக்கிறது. இடப்பக்க சீட்டுதான் ஊறிப்போய் நாற ஆரம்பித்தது. ஜெபதாஸ் சபைக் கிடங்கில் தேடினார். வைரவிழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது. பாதியை எலி கடித்திருந்தது, மீதியில் கதவுக்குச் சரியாக அமைகிற அளவுக்கு ஒரு துண்டுதான் தேறியது. அந்தத் துண்டில் இருந்தது கிளமென்டின் முகம். கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி, கும்பிட்ட கை. ஜெபதாஸ் வேறு வழியில்லாமல் அதையே வெட்டிக் கதவில் ஒட்டினார். படத்தை உள்பக்கம் வைத்தால் வழியெல்லாம் செயலாளர் தன்னையே பார்த்துக்கொண்டு வருவார் என்று கூச்சப்பட்டு, வெளிப்பக்கம் வைத்தார்.

நம் ஊரில் இடப்பக்கம் என்றால் பஸ் ஸ்டாப் பக்கம். சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் எல்லாருக்கும் கிளமென்ட் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். சிலர் திரும்பக் கும்பிட்டார்கள். ரேணிகுண்டாவில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏ பார்ட்டி?" என்று தெலுங்கில் எந்தக் கட்சி என விசாரித்தார்.

இது கிளமென்டின் காதுக்குப் போனபோது ஜெபதாஸ் பயந்தார். ஆனால் செயலாளர் கோபிக்கவில்லை. வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஃப்ளெக்ஸின் ஓரத்தை விரலால் நீவினார். ஐப்பசியில் சேகரத் தேர்தல் வருகிறது; செயலாளர் பதவிக்கும் அப்போதுதான் ஓட்டு. கண்ணாடிக்கு அவசரமில்லை, நல்ல தரமாகக் கிடைக்கும்வரை இது இருக்கட்டும் என்றார். அதன்பிறகு வண்டிக்கு வேலை கூடியது. இரண்டு பாட்டுப் புத்தகக் கட்டுக்காக ராமகுப்பம், ஒரு மைக் ஸ்டாண்டுக்காகத் திருப்பதி என்று காலியாகவே ஓடியது.

"பஸ் ஸ்டாப்பாண்ட மட்டும் கொஞ்சம் ஸ்லோவா போ, ஜெபதாசு" என்பார் கிளமென்ட். "ஜனங்க ரோட்ட க்ராஸ் பண்ணிக்கினு இருப்பாங்க."

கஷ்டம் ஜெபதாசுக்குத்தான். முகம் மறைத்ததால் கதவுக்கு வெளியே இருக்கிற ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியவில்லை. ஒருநாள் கரும்புச்சாறு வண்டி ஒன்றை உரசப் பார்த்தார். லாரியை ஓரமாக நிறுத்தினார். பிளேடை எடுத்தார். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் ரியர்வியூ கண்ணாடி எந்த இடத்தில் தெரிய வேண்டுமோ, அந்த இடத்தில் செயலாளரின் இடது கண் இருந்தது. மூக்குக்கண்ணாடியின் வட்டத்தோடு அளவாக வெட்டி எடுத்தார். வேலை சுத்தமாக இருந்தது. அந்த ஓட்டை வழியே திருப்பதி சாலை முழுவதும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த சபையார் ஒற்றைக்கண் செயலாளரைப் பார்த்தார்கள். எலிசபெத் அம்மாள் சிரிக்கவில்லை. அவர் அந்தத் தேர்தலில் கிளமென்டை எதிர்த்து நிற்பதாக ஏற்கனவே தீர்மானித்திருந்தார். வண்டி அருகே நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சபைச் சொத்தில் ஓட்டு கேட்பது சரியா என்று போதகரைக் கேட்டார். கண்ணாடியைப் பெண்கள் சங்கமே வாங்கித் தரும், அடுத்த ஞாயிறு பிரதிஷ்டை என்றும் அறிவித்தார். சபையாரிடையே எழுந்த சிரிப்பில் கிளமென்ட் முகம் கறுத்துப்போய், வாங்குவது யாராக இருந்தாலும் பொருத்துவதைத் துணைக்குழுதான் மேற்பார்வை செய்யும் என்றார். அமைந்த நாளிலிருந்து கூடாத துணைக்குழு வாசல் வேப்பமர நிழலிலேயே பத்து நிமிஷத்தில் கூடி முடிந்தது.

சனிக்கிழமை காலையில் கிளமென்டும் ஜெபதாஸும் ரேணிகுண்டாவில் யதிராஜின் கடைக்குப் போனார்கள். யதிராஜின் அண்ணன்மார் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறார்கள், இவர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் கண்ணாடி போடுகிறார். நெற்றியில் திருமண், கையில் பிளாஸ்திரி. யாரையும் சுவாமி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாடலுக்குக் கண்ணாடி வருவது நின்று பல வருடமாயிற்று என்றார் யதிராஜ். நொறுங்குகிற வகைக் கண்ணாடியைச் சூடேற்றி இறுக்கிய பிறகு வெட்ட முடியாது, அளவு கொடுத்துச் சென்னையில் செய்து வாங்க வேண்டும், பத்து நாள் ஆகும். நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்த இரட்டைக் கண்ணாடி என்றால் இங்கேயே வெட்டலாம். மறுநாள் பிரதிஷ்டை என்பதால் இரட்டைக் கண்ணாடி முடிவாயிற்று. வலப்பக்கக் கதவின் கண்ணாடியைக் கழற்றி அட்டையில் வரைந்து, திருப்பிப் போட்டு, அச்சாக வெட்டிக் கொடுத்தார்.

பிறகுதான் சிக்கல். கதவுக்குள்ளே கண்ணாடியின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புச் சேனல் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் அந்தச் சேனல் ஏறும், அதோடு கண்ணாடியும் ஏறும். சேனலில் இருந்த பழைய ரப்பர் பொடியாக உதிர்ந்துவிட்டது. சேனல் கண்ணாடியைவிட அகலமாக இருந்தது.

"ரப்பர் கட்டி இறுக்கணும், சுவாமி" என்றார் யதிராஜ். "அந்த சைஸ் ரப்பர் என்னாண்ட இல்ல. திருப்பதில கிடைக்கும், மத்தியானத்துக்குள்ள வரவழைக்கிறேன்."

கிளமென்ட் பையிலிருந்து தீர்மானத்தின் நகலை எடுத்தார். "இதுல ஒட்டுதல்னுதான் போட்டிருக்கு. கட்டுதல்னு இல்ல. கம் போட்டு ஒட்டிடுங்க."

"கம்மு காய ஒரு நாள் முழுசா ஆகும். அதுவும் வெயிட்டத் தாங்காது."

"ஐயா, இது நிக்காதுங்க" என்றார் ஜெபதாஸ். இருபத்திரண்டு வருடத்தில் கேட்காமலே அவர் சொன்ன முதல் கருத்து அதுதான்.

"நீ டிரைவர்தானே ஜெபதாசு" என்றார் கிளமென்ட்.

யதிராஜ் இரண்டு பேரையும் பார்த்தார். சேனல் நிறையக் கம்மைப் பிதுக்கி, கண்ணாடியை நிறுத்தி, கதவை மூடிக் கொடுத்தார். பில்லில் 'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை லாரிக்கு மாலை போட்டு, கதவுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். எலிசபெத் அம்மாள் ரிப்பனை வெட்டினார், கைப்பிடியைக் கீழ்நோக்கிச் சுற்றினார். கண்ணாடி அழகாக இறங்கியது. கைதட்டினார்கள். மேல்நோக்கிச் சுற்றினார். கைப்பிடி சுற்றியது, உள்ளே சேனல் ஏறுகிற சத்தம் கேட்டது, கண்ணாடி வரவில்லை. அம்மாள் இன்னும் சுற்றினார். போதகர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஜெபதாஸ் சட்டைக் கையை மடித்தார். சபைக் கோயில்பிள்ளை கிளாட்வினின் சைக்கிள் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. கிளாட்வினைப் பார்த்தார். மணி அடிப்பதும் விளக்குமாறு பிடிப்பதும் தவிர வேறெதிலும் தலையிடாத கிளாட்வின், புரிந்துகொண்டு தலையாட்டினார். ஜெபதாஸ் பின் சக்கரத்து டியூபை உருவி, நீளமாக ஒரு பட்டை வெட்டினார். கதவின் உள்பலகையைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்தார். காயாத கம்மைப் பிளேடால் சுரண்டினார். டியூப் பட்டையை அடிவிளிம்பில் மடித்துப் போர்த்தி, சோப்புத் தண்ணீர் தடவி, சேனலுக்குள் நிறுத்தி, மேலே மரக்கட்டை வைத்து ஓரம் ஓரமாகத் தட்டினார். ரப்பர் முறுகிப் பிடித்துக்கொண்டது. மிஞ்சிய ரப்பரை நறுக்கினார். அரைமணி நேரம் ஆயிற்று. போதகர் அதற்குள் மாநிலத்துக்கும் தேசத்துக்கும் ஜெபித்து முடித்து, உலகத் தலைவர்களுக்கு வந்திருந்தார்.

ஜெபதாஸ் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி ஏறி, மேல் விளிம்பில் போய் உட்கார்ந்தது. போதகர் ஆமென் சொன்னார்.

அன்றைய தீர்மானத்தில் "ஊக்கமான ஜெபத்தினால் கண்ணாடி மேலெழும்பியது" என்று இருந்தது. பெண்கள் சங்கத்துக்கும் துணைக்குழுவுக்கும் நன்றி இருந்தது. ஜெபதாஸின் பெயர் இல்லை. அவருக்கு அது வருத்தமா என்று ஹன்னா கேட்டதற்கு, கண்ணாடி ஆடாமல் நிற்கிறது, அது போதும் என்றாராம். ஆனால் அன்று இரண்டு தரம் வண்டிக்குப் போய் அதை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வந்ததாக ஹன்னா சொன்னார்.

ஐப்பசியில் எலிசபெத் அம்மாள் செயலாளரானார். கிளமென்ட் உறுப்பினராகத் தொடர்ந்தார். முதல் கூட்டத்தில், சக்கரம் தட்டையாகி மூன்று வாரமாக நடந்தே வருகிற கிளாட்வின், தனக்கு ஒரு டியூப் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். எந்தச் சூழலில் டியூப் வெட்டப்பட்டது, அதற்கு முன் அனுமதி பெறப்பட்டதா என்று கிளமென்ட் கேட்டார். புதுச் செயலாளர் யோசித்து, ஐந்து பேர் கொண்ட துணைக்குழு ஒன்றை அமைத்தார்.

ஜெபதாஸ் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கூட்டம் முடிவதற்குள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டியூப் வாங்கிவந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாட்டினார். கிளாட்வின் பக்கத்தில் குந்திக் காற்றடித்தார்.

"அண்ணா, இத இப்போ மாட்டலாமா? கமிட்டி இன்னும் பேசிக்கினு இருக்கே" என்றார் கிளாட்வின்.

"பேசட்டும்" என்றார் ஜெபதாஸ். "நீ ஏறி வூட்டுக்குப் போ."