மஞ்சத்தொட்டியின் கை வெளுத்த கதை

கல்யாணப் பேச்சு எடுத்த அன்றைக்குத்தான் அவள் அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்டாள். மாப்பிள்ளை பேர் என்ன என்றதற்கு அவள் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, வாய் கொள்ளாமல் சிரித்தார். "சொந்தப் பேரு அவனுக்கே மறந்திருக்கும். சாயப்பட்டறையில போய் மஞ்சத்தொட்டின்னு கேளு, நாய்கூட வழி காட்டும்."

பேர் பொய்யில்லை. நூல் கழிகளை மஞ்சள் சாயத்தில் முக்கி, பிழிந்து, கம்பியில் உதறிப் போடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வேலை. முழங்கை வரைக்கும் மஞ்சள், நகக்கண்ணில் மஞ்சள், தலையணை உறைகூட மஞ்சள். சோப்புப் போட்டுத் தேய்த்து அவளுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

அதனால்தான் காமாலை வந்தது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றார். "என்னப்பா, தொட்டியைக் குடிச்சிட்டியா?" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போன பிறகுதான் மனுஷர் அவளிடம் வாயைத் திறந்தார்.

ஆயுர்வேத வைத்தியர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கையை அவர் பார்க்கவேயில்லை. கீழாநெல்லிச் சூரணம் கொடுத்தார். எண்ணெய் ஆகாது, பட்டறைப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்றார்.

"இது ஈரலுக்குத் துணைதாம்மா. எதனால வந்துச்சுன்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் முரண்டு பிடித்தார். "ஊசின்னாலே எனக்கு ஆகாது. பத்து நாள் மருந்து சாப்பிட்டுப் பார்ப்போமே." அவளும் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணுக்கு மேலே ஈரத்துணி போட்டுக்கொண்டே படுத்திருந்தார். நாளுக்கு நாள் கை வெளுத்தது. பத்தாம் நாள் நாத்தனார் வந்து பார்த்துவிட்டுக் கூவினாள்.

"அண்ணி, இங்க பாருங்க! எங்கண்ணன் கை பச்சப்புள்ள கை மாதிரி ஆயிடுச்சு. மருந்துன்னா இதுவல்லவா மருந்து!"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் கையின் சொந்த நிறத்தை அவள் பார்த்ததேயில்லை. அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். ரத்தம் பார்க்கும் பேச்சு அதோடு போயிற்று.

பதினேழாம் நாள், "அக்கா, கழி காஞ்சிடுச்சா?" என்றார் அவளைப் பார்த்து. அவர் அக்கா செத்து ஒன்பது வருஷம். அவள் பதறித் துணியை எடுத்தாள். கண் இரண்டும் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கை வெளுத்துட்டு வந்துச்சுங்க. குணமாகுதுன்னு…"

"என்ன வேலை பார்க்கிறார்?"

"சாயப்பட்டறை, மஞ்சள்…" சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. தொட்டியில் கை வைக்காத மனுஷருக்குச் சாயம் போகாமல் என்ன செய்யும்? அத்தனை வருஷச் சாயத்துக்கு முன்னால் நோயின் மஞ்சள் எம்மாத்திரம்? வைத்தியர் கண்ணைப் பார்த்தார், வீட்டில் எல்லோரும் கையைப் பார்த்தார்கள்.

நாத்தனார் அதற்கப்புறம் அண்ணியோடு பேசவில்லை. ஈரல் முக்கால்வாசி கெட்டுப்போயிற்று என்றார்கள். உயிர் மட்டும் நின்றது.

இப்போது அவர் பெரிய ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் சுவரோரக் கட்டிலில் இருக்கிறார். வயிறு வீங்கியிருக்கிறது. எழுந்து உட்கார அவள் தோள் வேண்டும்.