ஜும்ஆவுக்கு முன் வந்த மின்சாரம்

என் முதுமாணிப் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கோட்டு வரைபு இருந்தது. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். மின் பொறியியலாளராக மின்சாரக் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் முகாமைத்துவம் படித்த காலம் அது. வெள்ளி பின்னேரம் கல்முனையில் பஸ் ஏறினால் சனி காலை வகுப்பு. திங்கள் எட்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு கந்தோருக்குள் நுழைவேன். இந்த மனுசிக்கு என்ன விசர் என்று லைன் ஆட்கள் கதைத்தது என் காதிலும் விழுந்தது. விழுந்தால் என்ன, பட்டம் எடுக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

திருத்த வேலைக்காக லைனை நிறுத்தினால், சொன்ன நேரத்துக்கு மின்சாரம் திரும்பி வருகிறதா என்பதுதான் என் ஆய்வு. ஒரு வருடப் பதிவுகளைக் கிளறிப் பார்த்தேன். மற்ற நாட்களில் எல்லாம் தாறுமாறு. வெள்ளிக்கிழமை மட்டும் அச்சொட்டு. காரணம் ஊரறிந்தது. எங்கள் ஆட்கள் ஜும்ஆத் தொழுகைக்கான பாங்குக்கு முன்பே கம்பத்தை விட்டு இறங்கி, குளித்து உடுத்துப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். வேலை முடிந்தது, எல்லோரும் இறங்கியாயிற்று என்று கையெழுத்து வைத்து, அனுமதித் துண்டை அவர்கள் திருப்பித் தந்த பிறகுதான் லைனில் மின்சாரத்தைப் போடவேண்டும். அதுதான் சட்டம். வெள்ளிக்கிழமைகளில் துண்டு தொழுகை முடிந்துதான் வரும். லைனை அதற்கு முன்பே போட்டுவிடுவோம். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பேராசிரியர் வரைபைப் பார்த்துவிட்டு, நேர ஒழுக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம் என்றார். அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, இறக்காமத்தில் யானை ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் விடியவே அங்கே போய்விட்டார்கள். நற்பிட்டிமுனையில் வயலோரமாகப் போகும் லைனில் வெடித்த இன்சுலேட்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போட முடியாது. திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழுவைக் கேட்டு எடுத்தேன். நான்கு பேரும் தமிழ் ஆட்கள், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் இல்லை. ஒரு மணி வரை வேலை செய்வோம் என்று சொல்லியே போனார்கள். காலை எட்டரைக்கு அவர்களுக்கு அனுமதித் துண்டு எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான்தான்.

பன்னிரண்டு மணி தாண்டியதும், லைனைப் போடுகிற நிலையத்தில் இருந்தவர் தொலைபேசியில் வந்தார்.

"மிஸ், பாங்கு சொல்லியாச்சி. நற்பிட்டிமுனை லைனப் போடவா?"

மடிக்கணினியில் மூன்றாம் அத்தியாயம் திறந்திருந்தது. பஸ் ஏற முன் அதை அனுப்பியாக வேண்டும். கண்ணை எடுக்காமலே, ஓம், போடுங்க என்றேன்.

கந்தோர் விளக்குகள் ஒரு தரம் மங்கித் தெளிந்தன. லைனில் எங்கோ மின்சாரம் நிலத்துக்குப் பாய்ந்திருக்கிறது. அப்போதுதான் மேசையில், என் தாள்களுக்கு அடியில், காலையில் எழுதிய துண்டின் என் பிரதி கண்ணில் பட்டது. குழுவிடம் இருந்த துண்டு இன்னும் திரும்பி வரவில்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது. அவர்தான்.

"லைன் நிக்குதில்ல மிஸ், சுவிச் விழுந்திட்டு. இன்னொருக்காப் போட்டுப் பாக்கவா?"

"தொடாதீங்க. ஆக்கள் மேல நிக்கிறாங்க."

குழுத் தலைவருக்கு அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தரம் எடுத்தேன், பதில் இல்லை. சாரதி பள்ளிக்குப் போய்விட்டார். என் ஸ்கூட்டரிலேயே கிளம்பினேன். கடைகள் பூட்டிக் கிடந்தன, வீதியில் ஒரு குஞ்சும் இல்லை, ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் ஓதத் தொடங்கிய குர்ஆன் ஆயத்தை முடிக்க முடியவில்லை. திரும்பத் திரும்பப் பாதியிலேயே நின்றேன். ஒருவன் செத்துப்போயிருந்தால் கொன்றது நான். அதற்கு வேறு பெயர் இல்லை.

வயலோரத்தில் மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்காமவர் கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டியில் தொங்கியபடி, கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். உயிரோடு இருந்தார். ஏறுவதற்கு முன் லைனுக்கும் நிலத்துக்கும் எர்த் வயர் கட்டியிருந்தார்கள். மின்சாரம் அதன் வழியாக இறங்கி, கொளுக்கியை உருக்கிவிட்டு நின்றிருக்கிறது. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை அவசரத்தில் அதைக் கட்டாமல் ஏறுவதும் உண்டு. அதுவும் எனக்குத் தெரிந்த விசயம்தான்.

அவர் கீழே இறங்க அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. இறங்கியவர் வயல் வரம்பில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தார்.

ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லைதானே என்று, கந்தோர்ப் பதிவேட்டில் மரக்கிளை பட்டதால் தற்காலிகக் கோளாறு என்று எழுதி மூடினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வரைபை வைத்துக்கொண்டு மட்டும் இருக்க முடியவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக நாற்பது பக்கம் எழுதினேன். வழக்கம் எப்படிச் சட்டத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது என்பது விசயம். நற்பிட்டிமுனைச் சம்பவம் அதில் உதாரணம். அதில் நான் 'பொறுப்பான அலுவலர்'. நடந்தது 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடைவெளி'. நல்லாய்த்தான் எழுதியிருந்தேன். பாதிக்கப்பட்ட தொழிலாளியிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் அந்த அத்தியாயத்தை ஏற்க முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் விநாயகபுரத்துக்கு, அந்த நான்காமவரின் வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு இருக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் படிவத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரம் அவர் மனைவி தேத்தண்ணியோடு வந்தார்.

"கிளை விழுந்ததப் பத்தியா மிஸ் இவ்வளவும் எழுதியிருக்கீங்க?"

கணவர் நிலத்தைப் பார்த்தார். கந்தோர்ப் பொய்யை அவரும் வீட்டுக்குச் சுமந்து வந்திருக்கிறார். மனைவி பயப்படக்கூடாது என்றா, என்னைக் காப்பாற்றவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"கிளை இல்ல அக்கா. நான்தான் லைனப் போடச் சொன்னன்."

தட்டம் மனைவியின் கையிலேயே நின்றது.

"அப்ப இவர் மேல நிண்டது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். காலையில துண்டு எழுதிக் குடுத்ததே நான்தான். மறந்திட்டன்."

நாற்பது பக்கத்தில் நான் ஓரிடத்திலும் எழுதாத சொல் அது.

அவர் தட்டத்தை வைத்துவிட்டு, கணவரின் கையிலிருந்த படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். சத்தம் போடவில்லை.

"முதல்ல கந்தோர்ப் புத்தகத்தில இதை எழுதிப்போட்டு வாங்க. பிறகு இவர் கையெழுத்து வைப்பார்."

அடுத்த வேலை நாளே எழுதிக் கொடுத்தேன். விசாரணை வந்தது, பதவி உயர்வு போனது, பட்டம் ஒரு வருடம் பிந்தியது. வெள்ளிக்கிழமைத் துண்டு இப்போது தொழுகைக்கு முன்பே கந்தோருக்கு வருகிறது.

திருத்திய அத்தியாயத்தோடு மறுபடி போனபோது அவர் கையெழுத்து வைத்தார். பேனையை எடுத்துக் கொடுத்தவர் மனைவி. வாசல் வரை வந்தவரிடம், அண்ணன் வேலைக்குப் போறாரா என்று கேட்டேன்.

"ஓம், போறார்" என்றார். "இப்ப கீழ நிண்டுதான் சாமான் எடுத்துக் குடுக்கிறார்."