கரி பஸ் கண்ணும் ஓமத் தண்ணீரும்

கரி பஸ் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை அடுப்பு மூட்டுவது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். அடுப்புக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கண் சிவந்த சகோதரர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தள்ளு வண்டி

எங்கள் பஸ் அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மேடு வந்தால் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். கடலை மூட்டையோடு வந்த ஒரு விவசாயி, தள்ளி முடித்து வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்: "ஏப்பா, பஸ்ஸு நம்மளக் கூட்டிப் போகுதா, நாம பஸ்ஸக் கூட்டிப் போறமா?"

வாய் பார்த்த வைத்தியம்

ஒரு நாள் காலை அறந்தாங்கியில் எனக்கு வலது அடிவயிற்றில் வலி பிடுங்கியது. வாந்தி வேறு. டிரைவர் கருப்பையா அண்ணன் ஓமத் தண்ணீர் கொடுத்து, பக்கத்துத் தெரு டாக்டரிடம் தாங்கிக்கொண்டு போனார். சிவந்த கண்ணையும் தள்ளாடும் காலையும் பார்த்த டாக்டர், வாயை ஊதச் சொன்னார். ஓம வாடை அடித்தது. சாராய வாடையை மறைக்கத்தான் ஓமம் என்று அவரே முடிவு கட்டி, முதலாளிக்குக் கடிதம் எழுதப் போவதாகவும் சொன்னார். உயிர் போகிற வலியில் வேலையும் போகப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்றைத் தொடாமலே அவர் சொன்ன வைத்தியம்: "மோரக் குடிச்சிட்டுப் படு. தெளிஞ்சிரும்."

கடைசி சீட்டு

அண்ணன் என்னை பஸ்ஸிலேயே படுக்க வைத்து, புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்காக அந்த டாக்டரும் ஏறினார். அடுப்பை ஒட்டிய கடைசி சீட்டுதான் காலி. வழியில் இரண்டு முறை அடுப்பு அணைந்தது. சுற்ற வேண்டிய நான் சுருண்டு கிடந்தேன். கிட்டே இருந்தவர் அவர்தான். கோட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கரிப்புகையில் அவருக்கும் கண் சிவந்து, கால் தள்ளாடி, ஓரமாகப் போய் ஒரு வாந்தியும் ஆயிற்று. வாசலில் நின்ற சிப்பந்தி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்: "ஏங்க, ரெண்டு பேரும் ஒரே கடையிலயா குடிச்சீங்க?"

தொட்ட கை

டாக்டர் அங்கேயே என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முகம் மாறியது. உள்ளே ஓடிப் பெரிய டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார். குடல்வால் வெடிக்கிற நிலையாம். மத்தியானமே அறுத்து எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போகாமல் கட்டிலருகே நின்றவர், நான் கண் விழித்ததும் சொன்னார்: "மொதல்லயே தொட்டுப் பாத்திருக்கணும்ப்பா. தப்பு எம்மேல."

உயிரும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. ஆனால் இன்றைக்கும் வயிறு வலித்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஓமத் தண்ணீர் குடிக்கிறேன்.