ஐந்தாவது பொட்டலம்

அரையாண்டு விடுமுறை விடுகிற அன்று எங்கள் தொடக்கப் பள்ளியில் எல்லோருக்கும் பொரி கொடுப்பார்கள். தலைமையாசிரியர் சந்தையில் ஒரு மூட்டை பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கி வருவார். என் அம்மா அவற்றைக் கலந்து, போன வருடத்து விடைத்தாள்களில் பொட்டலம் கட்டுவார். அம்மா அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஆயா. நான் ஐந்தாம் வகுப்பு, பள்ளிக்கு லீடர்.

பெயர் எழுதுவதும் எண்ணுவதும் எனக்குப் பிடித்த வேலைகள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரும் வகுப்பு வாரியாக என் நோட்டில் இருந்தது. அன்று காலைப் பரீட்சையைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சத்துணவுக் கூடத்துக்குப் போய், அம்மா கட்டிய பொட்டலங்களைக் கூடையில் அடுக்கினேன். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார். நான் எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தேழு. மறுபடி எண்ணினேன். ஐம்பத்தேழுதான். மூட்டையில் பொரி தீர்ந்து தூள்தான் கிடந்தது.

அரிசி மூட்டைகள் இருந்த உள்ளறையில், எண்ணெய் டின்னின் மேல் அதே விடைத்தாளில் கட்டிய பொட்டலங்கள் ஐந்து இருந்தன. வாத்தியார்களுக்கு என்று அம்மா தனியாக எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். ஐம்பத்தெட்டு. நோட்டில் சரி என்று குறி போட்டேன். அந்தக் குறியைப் போடும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

டீச்சர் பொட்டலங்களைக் கொடுத்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தலைமையாசிரியர் காந்திபுரம் பஸ்ஸைப் பிடித்துச் சொந்த ஊருக்குப் போனார். டீச்சரும் அதே பஸ்ஸில் ஏறினார். அம்மா கூடத்தைப் பூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பாதி வழியில் நின்றார்.

"ஏங்கண்ணு, நான் எலிக்கு அஞ்சு கட்டுனேனா, நாலு கட்டுனேனா?"

"எலிக்கா?"

"லீவுல அரிசி மூட்டய ஓட்ட போட்டுருதுன்னு காலையில மருந்து கலந்து கட்டி டின்னு மேல வெச்சேன். புள்ளைங்க போனதுக்கப்பறம் மூலைக்கு ஒண்ணு, கதவோரம் ஒண்ணு வைக்கலாம்னு. இப்ப வெக்கறப்பப் பாத்தா நாலுதான் இருந்துது."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அடிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தோம். அம்மா முகர்ந்து பார்த்தார், ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். சர்க்கரை இனித்தது. அப்படியானால் மீதி ஐம்பத்தேழில் ஒன்று.

மருந்துப் பொரியில் சர்க்கரை கிடையாது, தேங்காயெண்ணெயும் கருவாட்டுத் தூளும் போட்டுப் பிசைந்தது, கறுப்பாக இருக்கும் என்று அம்மா சொன்னார். பெரிய பிள்ளை வாயில் வைத்ததும் துப்பிவிடும். ஆனால் எந்தப் பிள்ளையும் பொட்டலத்தைத் தனியாகத் தின்பதில்லை. வீட்டில் தவழுகிற தம்பி, தங்கை இருப்பார்கள்.

"டாக்டர்கிட்டப் போலாமாம்மா?"

"யாரக் கூட்டிட்டுப் போறது? எந்தப் புள்ளைன்னு சொல்லி?"

அம்மா எழுந்து சேலையை உதறினார். என்னையும் சேர்த்துக் காலனியில் முப்பத்தாறு பிள்ளைகள். அவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஊருக்குள்ளும் தோட்டங்களிலும் இருபத்திரண்டு பேர். அது என் பங்கு.

"நான் ஊருக்குள்ள ஊடு ஊடாப் போயி நின்னா என்ன ஏதுன்னு கேட்டுப்போடுவாங்க. நீ லீடரு. சார் கேட்டாருன்னு சொல்லு. பொட்டலத்த வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துரு. மருந்துன்னு மட்டும் வாயத் தொறந்தராத."

"காலனியில?"

"அங்க நான் உள்ளதச் சொல்லிருவேன்."

ஏன் அங்கே சொல்லலாம், இங்கே கூடாது என்று நான் கேட்கவில்லை. எங்கள் காலனி ஆட்கள் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு ஆயா வேலை கிடைத்தபோது, அவர் கைச் சோற்றைத் தங்கள் பிள்ளைகள் தின்பதா என்று ஊருக்குள் பேச்சு வந்தது. இப்போது அந்தக் கையிலிருந்தே எலி மருந்து போயிருக்கிறது. பத்து வயதில் இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் ஐந்து வீடுகள் வேகமாக முடிந்தன. தின்று முடித்திருந்தார்கள். தாளை மட்டும் காட்டினார்கள். "இனிப்பா இருந்துச்சா?" என்று கேட்டேன். "கருவாட்டு வாசம் ஏதாச்சும் அடிச்சுதா?"

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அக்காவைக் கூப்பிட்டான். "அக்கா, இங்க வா. பொரியில கருவாடு போட்டாங்களாமா. நமக்கு மட்டும் குடுக்காம உட்டுப்போட்டாங்க." இருவரும் சிரித்தார்கள். நான் அவன் பெயரை அடித்துவிட்டு நகர்ந்தேன்.

ஏழாவது வீட்டில் மூன்றாம் வகுப்புப் பெண் பொரியைத் தம்பிக்கு ஊட்டியதாகச் சொன்னாள். தம்பி எங்கே என்றேன். தொட்டிலைக் காட்டினாள். தாளைக் கேட்டேன், அடுப்பில் போட்டுவிட்டாளாம். நீ தின்றாயா என்றேன். தம்பிதான் எல்லாவற்றையும் தின்றான் என்றாள். நான் சேலைத் தொட்டிலை விலக்கி அந்தக் குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. குனிந்து அதன் வாயை முகர்ந்தேன். பாலும் சர்க்கரையும் கலந்த வாசம். அதற்குள் அது விழித்து என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

"ஏய், இப்பத்தான தூங்க வெச்சேன். உனக்கு வேற வேல இல்லியா?"

அந்த அழுகையைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெயரை அடித்தேன்.

எலி மருந்து தின்ற எலி தண்ணீரைத் தேடி ஓடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அடிபம்பில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், கில்லி விளையாட்டை விட்டுவந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவே இல்லை. நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"எதுக்குடா இவ்வளவு குடிக்கற?"

"ஏன், தண்ணி குடிக்கறதுக்கும் லீடர்கிட்ட லீவ் லெட்டர் குடுக்கோணுமா?"

"பொரி தின்னியா?"

"ஒங்கம்மா கட்டுனது ஒரு கைப்பிடிகூட இல்ல. தின்னுட்டு இன்னும் பசிக்குது. பேசாமப் போ."

எப்படி இருந்தது என்று கேட்டேன். பொரி மாதிரி இருந்தது என்றான். இனிப்பா என்றேன். ஆமாம் என்றான். அவன் பெயரை அடித்தபின்னும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் மறுபடியும் குனிந்து குடித்தான்.

வெயில் சாய்ந்தபோது பட்டியலில் ஒரு பெயர் மிச்சமிருந்தது. இரண்டாம் வகுப்புப் பெண். ஊருக்கு வெளியே, தென்னந்தோப்பைத் தாண்டி, பெரிய தோட்டம். அம்மா தன் பக்கத்தில் மருந்துப் பொட்டலத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். நான் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். அல்லது காலனியில் ஏதோ ஒரு வீட்டில் இப்போது கூட்டம் கூடியிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தோப்புக்குள் நடந்தேன். ஒரு மட்டை விழுந்த சத்தத்துக்கு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து ஓடினேன்.

அந்த வீட்டம்மா வாசலில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் படலுக்கு வெளியிலேயே நின்றேன்.

"ஏனுங்கம்மா, பாப்பா இருக்குதுங்களா? சார் பொரிப் பொட்டலத்தப் பாத்துட்டு வரச் சொன்னாருங்க."

"பொட்டலத்தப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்த? சார்தான் மத்தியானமே பஸ் ஏறிட்டாரே. நான் பாத்தனே."

அதற்குள் அந்தச் சிறுமி ஓடி வந்தாள்.

"அது மாட்டுக்கு வெச்சிருக்கறேன்க்கா."

"மாட்டுக்கா?"

"பள்ளிக்கூடத்துல குடுத்தா வாங்கிக்கோணும், திங்கக் கூடாது, மாட்டுக்குப் போட்டரோணும்னு அம்மா சொல்லீருக்குது. போன தடவயும் மாட்டுக்குத்தான்."

வீட்டம்மாவின் முறம் நின்றது. மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போட்டுட்டியா பாப்பா?" என்றேன்.

"பால் கறக்கறப்பப் போடுவேன்."

மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் படலைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பசுவுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றுகிற தொட்டியின் விளிம்பில் அந்தப் பொட்டலம் இருந்தது. நூல் பிரிக்கப்படவில்லை. தாளில் எண்ணெய் ஊறி, யாரோ எழுதிய கணக்கு மறுபக்கம் தெரிந்தது. கன்று அதை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கருவாட்டு வாசம் வந்தது.

திரும்பினால் வீட்டம்மா நின்றிருந்தார்.

"அதுல என்ன இருக்குது? இங்க குடு."

"வேண்டாங்கம்மா."

"குடுன்னு சொல்றேன்ல."

கையை நீட்டினார். விரல் நூலில் பட்டுவிட்டது. பிரித்தால் மருந்துப் பொரி அவர் கையில் கொட்டும். அம்மா சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. வேலை போகும், வீட்டுக்கு ஆள் வரும், காலனியையே சொல்வார்கள். ஆனாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எலி மருந்துங்க. எங்கம்மா தனியாத்தான் வெச்சிருந்தாங்க. எண்ணிக்கை ஒண்ணு கொறஞ்சுதுன்னு நான் தெரியாம எடுத்துப் போட்டுட்டனுங்க. எங்கம்மா மேல தப்பு இல்லீங்க."

அவர் கையை இழுத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். அவளைத் தரதரவென்று தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய் இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "வாயில வெச்சியா? நெசமாச் சொல்லு. ஒண்ணாச்சும் வெச்சியா?" அந்தப் பெண் பயந்து அழுதாள். "நீதானம்மா திங்க வேண்டாம்னு சொன்ன," என்றாள்.

வீட்டம்மாவின் கண்கள் என்மேல் வந்து நிற்கும், விலகும். அந்தச் சிறுமி உயிரோடு நிற்பதற்கு எது காரணமோ அது எங்கள் மூவருக்கும் நடுவே தெளிவாக இருந்தது. அதை யாரும் எடுத்துப் பேச முடியாது.

"அவரு தேங்காப் பருப்பு விக்கக் காங்கேயம் போயிருக்கறாரு," என்றார் கடைசியில். "வர்ற நேரம். வண்டிச் சத்தம் கேக்கறதுக்குள்ள போயிரு. வாய்க்கால்ல கீது வீசீராத. குழி தோண்டிப் பொதச்சு மேல கல்லு வெய்யி."

"சரிங்கம்மா."

"கையக் கழுவிட்டுப் போ."

தொட்டித் தண்ணீரை நான் தொடவில்லை. அவரே சொம்பில் மொண்டு ஊற்றினார்.

தோப்பு முனையில் அம்மா எதிரே வந்துகொண்டிருந்தார். காலனியில் எல்லா வீடும் பார்த்தாயிற்று, எதிலும் இல்லை என்று ஓடி வந்திருக்கிறார். பொட்டலத்தைக் காட்டினேன். அங்கேயே மண்ணைக் கையால் பறித்துப் புதைத்தோம். எங்கே இருந்தது என்று கேட்டார். மாட்டுத் தொட்டியில் என்றேன். ஏன் அங்கே போயிற்று என்று கேட்டார். அதையும் சொன்னேன். அம்மா கல்லைத் தூக்கி வைத்தார். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். பிள்ளை பிழைத்ததற்கா, மற்றதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த விடுமுறையில் எனக்கு வேறொன்றும் நினைவில்லை. கிறிஸ்துமஸுக்குக் காலனிக் கோயிலில் மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டினார்கள். புதுப் பாவாடை போட்டுக்கொண்டு பாட்டுக்குழுவில் நின்றேன். சாலையில் மொபெட் சத்தம் கேட்டால் என் பாட்டு நின்றுவிடும். அந்தத் தோட்டத்து அம்மா தன் கணவரிடம் சொல்லியிருப்பார், இன்று வருவார்கள், இல்லையென்றால் நாளை என்று தோன்றும். அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சமைத்தார்.

பள்ளி திறந்த அன்று அந்தத் தோட்டத்துக்காரர் வந்தார். தலைமையாசிரியர் அறைக்குள் போனார். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, கையில் ஈரத்தோடு சமையற்கூட வாசலுக்கு வந்தார். உள்ளே பேச்சு நீண்டது. பிறகு தலைமையாசிரியர் சிரிக்கும் சத்தம் கேட்டது. குடியரசு தின விழாவுக்குப் பந்தல் போடத் தென்னோலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் அவர். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா சொல்லவே இல்லை. என் அம்மாவைக் காப்பாற்றவா, தன் பிள்ளையிடம் தான் சொல்லிவைத்தது வெளியே வரக்கூடாது என்றா? இன்று பம்ப் மோட்டார் சோதனைக் கூடத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிற எனக்கு, இந்த இரண்டில் ஒன்றை அடிக்க முடியவில்லை.

"ஒரு நாளைக்குப் போயி அந்தம்மாவப் பாத்துட்டு வரோணும்," என்று அம்மா அந்த வருடம் முழுவதும் சொன்னார். "போயி என்னன்னு சொல்றது?" என்று அவரே கேட்பார். போகவில்லை.