ரெண்டு விரல் அமுக்கம்

இது நடந்தது. 1961, சித்திரை மாசம், திண்டிவனத்துல. நடுராத்திரி, சுடுகாடு, ஊளைன்னு எதிர்பார்க்கிறவங்க வேற எடம் பார்த்துக்கலாம். இது முழுக்கப் பட்டப்பகல்ல நடந்தது. சவுரிராயன் இன்னைக்கும் உச்சி வெயில்ல வெளிய கால் வைக்கிறதில்ல.

சவுரிராயன் மல்லாட்டைத் தரகன், அதான் வேர்க்கடலை. ஊர் ஊராப் போய் சாம்பிள் எடுத்துக்கினு வந்து எண்ணெய் மில்லுல காட்டணும். சைக்கிள் மிதிச்சே முட்டி தேய்ஞ்சு போனவன். அவன்கூடப் படிச்சவன் விருத்தாசலம், விழுப்புரத்துக்காரன். நடுவுல ஏழெட்டு வருஷம் ரெண்டு பேருக்கும் போக்குவரத்து இல்ல. திடீர்னு ஒருநாள் அந்த விருத்தாசலம் தன்னோட பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கினு வந்து நின்னான்.

"நீ வெச்சுக்கடா. சைக்கிள்ல சாவாதே. முன்சக்கரத்து ஸ்பிரிங் ஃபோர்க்கை முழுசா பிரிச்சு, புதுசா வேலை பண்ணியிருக்கேன். பயப்படாம ஓட்டு."

காசு வாணாம்னுட்டான். கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டானேன்னு சவுரிராயனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கிளம்பறப்போ விருத்தாசலம் கேட்டான், "உனக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல? ஏழு வயசா?" ஆமான்னான் சவுரிராயன். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்டான். அப்போ அது தப்பாத் தெரியல.

முதல் வாரமே ஒண்ணு கண்ணுல பட்டுது. வண்டியை உதைச்சு ஸ்டார்ட் பண்ணுவான். இன்னும் ஏறி உக்காந்திருக்க மாட்டான். முன்பக்கம் மெல்ல அமுங்கும்... டொக்.

சாயங்காலம் வூட்டு வாசல்ல நிறுத்துவான். முன்பக்கம் தானா எழும்பும்... டொக்.

மகள் ஜெயம் வாசல்ல நின்னு கையாட்டும். அவன் உள்ள வந்து சட்டையைக் கழட்டுற வரைக்கும் ஆட்டிக்கினே இருக்கும். வண்டியைப் பார்த்து.

ஞாயித்துக்கிழமை பொம்மையார்பாளையத்துக்குக் கடல் காட்டக் கூட்டிக்கினு போறேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பெட்ரோல் டேங்க் மேல முன்னாடி உக்கார வெச்சுத்தான் போவணும். பச்சப் புள்ளையை உக்கார வெச்சிட்டு, பிரேக் புடிக்கறப்போ முன்பக்கம் குத்துச்சுன்னா? அதனால வியாழக்கிழமை காலையில மெக்கானிக் கண்ணையன்கிட்ட வண்டியை விட்டான்.

கண்ணையன் வெவரமானவன். ஃபோர்க்கோட கீழ்க் குழாயைச் சுத்தி, மேல்மூடியை ஒட்டினாப்புல ஒரு நூலைக் கட்டினான். முன்பக்கம் அமுங்கினா மூடி நூலைக் கீழ தள்ளும். எவ்வளவு தள்ளுதோ, அவ்வளவு அமுக்கம்.

"ஆயில் ஒழுகினாப் பிரிக்கலாம். பிரேக் புடிக்கறப்போ இடிச்சாப் பிரிக்கலாம். இதுல ஒண்ணுமே இல்லண்ணே. உள்ள எல்லாம் புதுச் சரக்கு. இதைப் போய் எதுக்குப் பிரிக்கறது?"

சொல்லிக்கினே வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டுத் தள்ளி நின்னான். மேல யாரும் இல்ல.

டொக்.

நூல் ரெண்டு விரல் இறங்கி நின்னுது.

கண்ணையன் கையைத் துடைச்சான். துடைச்சுக்கினே இருந்தான். "ஜல்தி எடுத்துக்கினு போயிடுங்கண்ணே. இது ஃபோர்க் கோளாறு இல்ல."

செஞ்சவனையே கேட்டுடலாம்னு சவுரிராயன் நேரா விழுப்புரத்துக்குக் கிளம்பினான். அனல் காத்து. ரோட்டுல ஈ காக்கா இல்ல. கூட்டேரிப்பட்டு தாண்டினதும் கடியாரத்தைப் பார்த்தான். பன்னெண்டு பத்து.

பாம்... பாம்...

ஹாரன். அவன் அடிக்கல. அவன் ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான் இருந்துச்சு.

ஹாரனோட ரப்பர் பந்தைப் பார்த்தான்.

அது உள்ள ஒடுங்குச்சு. சின்னச் சின்னதா நாலு குழி.

பாம்.

விக்கிரவாண்டி எப்போ வந்துச்சு, எப்போ போச்சு, அவனுக்குத் தெரியாது. விருத்தாசலம் வூட்டு வாசல்லயே நின்னுக்கினு இருந்தான். எதிர்பார்த்து நின்ன மாதிரி இருந்துச்சு. ஏன் வந்தேன்னு கேக்கல.

"ஹாரன் அடிச்சானா?"

சவுரிராயன் வண்டியை விட்டு எறங்கினான். "யாருடா?"

"என் பையன். ஏழு வயசு." விருத்தாசலம் வண்டியைப் பார்த்தே பேசினான். "ஃபோர்க்ல ஆயில் ஒழுவிச்சு. அறுப்பு முடியட்டும், பிரிச்சுக்கலாம்னு தள்ளிப் போட்டேன். கூட்டேரிப்பட்டாண்ட மாடு குறுக்கால வந்துச்சு. பிரேக் புடிச்சேன். முன்னாடி உக்காந்திருந்தான்... பன்னெண்டு பத்து. அப்புறந்தான் எல்லாத்தையும் புதுசாப் போட்டேன். அவன் எறங்கவே மாட்டேன்னுட்டான்."

"தெரிஞ்சுக்கினே எனக்குக் குடுத்தியாடா?"

"என் வூட்டு வாசல்ல அவன் எறங்கினதே இல்ல. எம்மேல கோவம். உன் வூட்ல ஒரு பொண்ணு இருக்கு. வெளையாடத் துணை கெடைக்கும்னு நெனைச்சேன்."

அழுதுக்கினேதான் சொன்னான். சவுரிராயனுக்கு இரக்கம் வரல. காசு வாணாம்னு சொன்னப்போ கண்ணு கலங்கினோமேன்னு தன்மேலயே காறித் துப்பணும் போல இருந்துச்சு. நம்ம புள்ளையை விலையா வெச்சுத்தானே இவன் வண்டியைக் குடுத்திருக்கான்! வண்டியை அந்த வாசல்லயே போட்டுட்டு பஸ் ஏறிட்டான்.

வூட்ல ஜெயம் சிரிச்சுக்கினு ஓடி வந்தா. தூக்கி வெச்சுக்கினு ரொம்ப நேரம் விடல. வெள்ளிக்கிழமை ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை பஸ்லயே கடலுக்குப் போலாம்னு சொல்லி, காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க. அவனுக்கு மனசு லேசாச்சு.

அன்னைக்கு மத்தியானம் ஜெயம் கயித்துக் கட்டில் நடுவுல உக்காந்து கேப்பை அடை தின்னுக்கினு இருந்தா. வாசல் பக்கம் பார்த்தா. கையாட்டினா.

"அப்பா, வண்டிய ஏன்ப்பா அங்கியே வுட்டுட்டு வந்தே? பாவம், நடந்தே வந்திருக்கான். மூணு நாளா. கால் பூரா கொப்புளம்."

சொல்லிட்டு ஒரு ஓரமாத் தள்ளி உக்காந்து எடம் விட்டா.

அவ பக்கத்துல கயிறு மெல்ல இறங்குச்சு. ரெண்டு விரல்.

அப்பதான் சவுரிராயன் செவுத்துக் கடியாரத்தைப் பார்த்தான். பன்னெண்டு பத்து.