உள்ளிருந்து வந்த இரண்டு தட்டு

கண்ணுகளா, அன்றைக்குக் கரண்ட் போனபோது பேய்க்கதை சொல்லச் சொன்னீர்கள். ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கே நடந்தது ஒன்று இருக்கிறது. அதைப் பேய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுபோவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், தொண்ணூறுகளில், சூலூரைத் தாண்டி ஒரு கம்பெனியில் அசெம்பிளி ஃபிட்டராக இருந்தேன். சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் அரைக்கும் மில் செய்வோம். மில் என்றதும் அம்மாவின் மிக்ஸியை நினைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கவைத்த பெரிய இரும்பு டிரம் அது. உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அதன் உள்சுவர் முழுக்கக் கனமான தகடுகளைப் பதிக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள். உள்ளே இருப்பவன் தகட்டைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, போல்ட்டைத் துளை வழியாக வெளியே நீட்டுவான். வெளியே இருப்பவன் நட்டு மாட்டி முறுக்குவான். முறுக்க முறுக்கத் தகடு சுவரோடு ஒட்டும். அந்த நேரம் உள்ளே இருப்பவனின் விரல் இடுக்கில் இருந்தால், விரல் அவ்வளவுதான்.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பக்கத்தில் கிரைண்டிங் ஓடும் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் சுத்தியலால் பேசிக்கொள்வோம். வெளியிலிருந்து நான் ஒரு தட்டு தட்டினால், முறுக்கலாமா என்று கேட்கிறேன். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தால், கையை எடுத்துவிட்டேன், முறுக்கு என்று அர்த்தம். அது வரும்வரை ஸ்பேனரைத் தொடக் கூடாது.

உள்ளே எப்போதும் என் கூட்டாளிதான். போத்தனூர்க்காரன், என் வயசு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். டிரம்முக்குள் போனால் தெலுங்குப் பாட்டுத்தான். அங்கே குரல் நன்றாக எடுக்கிறதாம். அவன் தட்டும் இரண்டில் முதலாவது பலமாக விழும். இரண்டாவது, சுத்தியலைச் சும்மா வைத்து எடுத்த மாதிரி இருக்கும்.

"ஏன் மாப்ளே, ரெண்டாவது தட்டுக்குத் தெம்பு பத்தலையா?" என்பேன்.

"மொதலுது கம்பெனிக்கு மாப்ளே. ரெண்டாவது உனக்கு. உனக்கு இது போதும்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. சாயங்காலமே எரித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் போனால் டிரம் கொஞ்சம் வேலை பாக்கியோடு நிற்கிறது. அவன் சனிக்கிழமை வைத்த தகடு வரைக்கும் முடிந்திருந்தது. மிச்சத்துக்கு கியர்பாக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பல்லடத்துக்காரரை அனுப்பினார்கள். என்னைவிட மூத்தவர். உள்ளே போனவர் உடனே, ஆள் நுழைவதற்கென்று விட்டிருக்கும் வாசல் துளையில் தலையை நீட்டி, "ஏனுங்க, இதுக்கு எங்கூரு கோழிப்பண்ணையே தேவலைங்க. அங்க காத்தாச்சும் வரும்" என்றார்.

சில தகடுகள் ஒழுங்காகப் போயின. அவர் இரண்டையும் ஒரே மாதிரி டங், டங் என்று அடித்தார். அடுத்த தகட்டுக்கு நான் ஒரு தட்டு தட்டினேன். உள்ளிருந்து இரண்டு வந்தது. முதலாவது பலமாக. இரண்டாவது மெதுவாக.

பழகின கை ஸ்பேனரை மாட்டிவிட்டது. இழுப்பதற்குள் மண்டையில் உறைத்தது. அப்படியே விட்டுவிட்டு வாசல் துளைக்கு ஓடினேன்.

"அண்ணா, இப்பத் தட்டுனீங்களா?"

"இல்லீங் தம்பி. இன்னும் தகட்டப் புடிச்சுட்டுத்தான நிக்கறேன். வெரலு இடுக்குலதான் இருக்குது. எதுக்குங்க?"

அவரை வெளியே வரச் சொல்லி, கேட்டதைச் சொன்னேன். பின்னாலேயே வந்து நின்ற சூப்பர்வைசரும் கேட்டுவிட்டார்.

"செத்தவன் தட்டறானா? அப்ப அவனுக்கும் அட்டெண்டன்ஸ் போட்டுரட்டுமா? போங்கப்பா, நாளைக்கு லாரி வருது."

பல்லடத்துக்காரர் சிரிக்கவில்லை. கையை விரித்துக் காட்டினார். "ஊட்டுல தறி இருக்குதுங் தம்பி. இந்த வெரலு போயிருச்சுன்னா அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாதுங்க. நீங்க கேட்டது நெசமா, பிரமையா, அது எனக்கு வேண்டாம். வெரலு வேணும்."

வழியும் அவரே கண்டுபிடித்தார். பக்கத்துத் துளை வழியாக ஒரு கயிற்றை விட்டு, வெளி நுனியை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார். கையை எடுத்ததும் உள்ளிருந்து இழுப்பார். வெளியே என் மணிக்கட்டு அசையும். அப்படியே ஒவ்வொரு தகடாக முடித்தோம். இடையிடையே இரும்பில் சத்தம் கேட்டது. நான் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தகட்டுக்கு வந்தபோது பக்கத்துத் துளையெல்லாம் போல்ட் ஏறி அடைந்துவிட்டது, கயிறு விட வழி இல்லை. அவர் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நான் மூணு தட்டறனுங்க. ரெண்டு வந்துச்சுன்னா அது நானில்லீங்க."

தட்டினேன். இரண்டு வந்தது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளே ஒரு மனுஷனின் விரல். வெளியே என் கை. பிறகு மூன்று வந்தது, அவசர அவசரமாக. முறுக்கினேன்.

வெளியே வந்தவர் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்துக்கங்க, பத்தும் இருக்குது." கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "அந்த ரெண்டு எனக்கும் கேட்டுதுங் தம்பி."

வெயிலில் காய்ந்த இரும்பு தானாகச் சத்தம் போடும். அது எனக்கும் தெரியும். ஆனால் என் மனசு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது. ஆள் விரல் உள்ளே இருக்கும்போது முறுக்கு என்று சொல்கிறவன் இல்லை அவன். அப்புறம் ஏன் தட்டினான்? யோசிக்க யோசிக்க ஒன்றுதான் தோன்றியது. உள்ளே வேறு ஆள் வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. தான்தான் இன்னும் வேலையில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தன் கையை எடுத்துவிட்டான், அதைச் சொல்கிறான். அவ்வளவுதான். யாரும் அவனிடம் வேலை முடிந்தது என்று சொல்லவில்லை.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. எல்லோரும் போய்விட்டார்கள். வாசல் துளைக்கு மூடி போடும் வேலைதான் பாக்கி. நான் விளக்கில்லாமல் உள்ளே இறங்கினேன். அடுப்பு மாதிரி இருந்தது. "மாப்ளே, வேலை முடிஞ்சுபோச்சு. எந்திரிச்சு ஊட்டுக்குப் போ" என்றேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

வெளியே ஏறி வந்து, பின்னால் வருகிறவனுக்கு வழி விடுகிற மாதிரி துளையை விட்டு ஒதுங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் மூடியைத் தூக்கி வைத்தேன்.