பல்கனி வெயிலுக்கு இரண்டு பேர்

மின்வேலை பழகும் அவுஸ்பில்டுங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மியூனிக்கில் அக்கா வீட்டில் நான் ஒட்டிக்கொண்டிருந்த கோடை அது. கரண்ட் பில் வந்தால் அத்தான் சாப்பாட்டு மேசையில் பாராளுமன்றம் கூட்டிவிடுவார்.

"இதிலை கரண்டுக்குக் கொஞ்சம்தான்ரா. மிச்சம் வரி, வயருக்கு வாடகை. கரண்ட் எடுக்கிற காத்தாடி வடக்கிலை சுத்துது, ஃபக்டரி தெற்கிலை நிக்குது. நடுவிலை வயர் இழுக்கப் போனா, என்ரை காணிக்குள்ளாலை விடமாட்டன் எண்டு சனம் மறிக்குது. அணு உலையையும் பூட்டியாச்சு. காஸ் விலை ஏறினா இதுவும் ஏறும்."

"அப்ப எல்லாரிலையும் பிழை. ரீவியைப் போட்டிட்டு நித்திரை கொள்ளுற ஆளிலை மட்டும் பிழையில்லை" என்றேன்.

அந்தக் கோபத்தில் அத்தான் ஒரு சோலார் பலகை வாங்கி வந்தார். எங்களுக்கு வெயில் விழும் ஒரே இடம் பல்கனி. அது அக்கா மோர்மிளகாய் காயவிடும் இடம்.

"ஒரு மாசம் பாப்பம். கரண்ட் ஒழுங்கா வராட்டி கழட்டிப்போடவேணும்" என்றாள் அக்கா. அத்தானும் ஒப்புக்கொண்டார்.

பல்கனித் தரை முழுவதையும் அடைத்துப் பலகை சாய்ந்து படுத்தது. முதல் கிழமை, பலகை தரும் கரண்டைக் காட்டித் தன் கைபேசியில் ஏறும் கோட்டை அத்தான் கோயிலில் எல்லோருக்கும் காட்டினார். அடுத்த கிழமை, நல்ல மத்தியானத்தில் கோடு விழுந்துவிட்டது. வேலையிடத்திலிருந்து அழைத்தார்.

"டேய், அங்கை மேகமே?"

கறுப்புக் கண்ணாடியோடு பல்கனியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "ஓம் அத்தான், கும்மெண்டு மூடியிருக்கு."

"இஞ்சை வெயில் எரிக்குதடா!"

"உங்கை இருக்கிற வெயிலைக் கொண்டுவர வயர் இல்லையாக்கும்."

அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தே விட்டார். பலகையின் மேல் அவருடைய பழைய கோயில் வேட்டி, உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கியபடி விரிந்திருந்தது. வேட்டி நிறைய மோர்மிளகாய்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? கரண்ட் செத்துப்போச்சு!"

"வெயில் முழுக்க உதிலைதானே விழுது. பேந்து எங்கை காயப்போடுறது?" அக்கா மிளகாயைப் புரட்டினாள். "நீங்கள்தானே சொன்னனீங்கள், கேக்காமல் காணிக்குள்ளாலை வயர் விட்டா சனம் மறிக்கும் எண்டு. இது என்ரை காணி."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

சோற்றுக்கு அக்கா நாலு மிளகாய் பொரித்தாள். அத்தான் ஒன்றைக் கடித்தார், இரண்டாவதையும் கடித்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"சரி. காலமை வெயில் எனக்கு, மத்தியானம் உமக்கு. மிளகாய் காஞ்சு முடியுமட்டும்தான். பேந்து முழுநாளும் பலகைக்கு."

"ஓமப்பா" என்றாள் அக்கா, உடனே.

அவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கோப்பையைக் கழுவக் குசினிக்குள் போனேன். அங்கே ஒரு பை நிறையப் பாவற்காய், வட்டம் வட்டமாக வெட்டி, உப்புப் போட்டு, வத்தலுக்குத் தயாராக இருந்தது.